மதுரைப் பக்கத்துக் காடு மலைக்கு மிலிட்டரி பூட்ஸ்: பார்த்து வாங்குவது எப்படி?

மிலிட்டரி பூட்ஸ் வாங்கக் கடைக்குப் போகிறவர்கள் முதலில் கேட்பது நிறம். கறுப்பா, ஆலிவ் பச்சையா, மணல் நிறமா? அடுத்து உயரம், அதற்கடுத்து விலை. எந்தத் தரையில் நடக்கப் போகிறோம் என்ற யோசனை பில் போட்டு வெளியே வந்த பிறகுதான் வரும். மதுரையைச் சுற்றிக் காடு, மலை, வயல் என்று நடப்பதற்காக பூட்ஸ் எடுக்கிறவர் இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றிக்கொண்டாலே பாதிக் காசு மிச்சம்.

நம் பக்கத்தில் காலுக்குத் தொந்தரவு தருபவை வெக்கை, முள், பாறை. இந்த மூன்றுக்கும் அப்புறம்தான் மழை. அதுவும் பெரும்பாலும் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் பெய்து ஓய்ந்துவிடும். வெளிநாட்டு பூட்ஸ் விளம்பரங்களோ குளிரும் ஈரமுமான தேசங்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. அங்கே தண்ணீர் புகாமல் இருப்பதுதான் முதல் தகுதி. சித்திரை வெயிலில் சிறுமலை அடிவாரத்தில் நடக்கிறவருக்கு அதே தகுதி தண்டனை. தண்ணீரை உள்ளே விடாத பூட்ஸைவிட, உள்ளே போன தண்ணீரையும் வியர்வையையும் சீக்கிரம் வெளியே விடுகிற பூட்ஸ்தான் இங்கே உருப்படியானது. கீழே சொல்லியிருப்பதெல்லாம் இந்தக் கணக்கில்தான் ஓடும்.

முதலில், பூட்ஸ் வேண்டுமா?

கீழக்குயில்குடி சமணர் மலைக்கோ திருப்பரங்குன்றத்துக்கோ ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏறி இறங்க பூட்ஸ் தேவையில்லை. பிடிமானமுள்ள ஸ்போர்ட்ஸ் ஷூ போதும். சதுரகிரிக்கு அமாவாசை, பௌர்ணமிக்குப் போகிற கூட்டத்தில் வெறுங்காலோடு ஏறுகிறவர்கள் எத்தனையோ பேர். இன்னொன்று, நம் ஊரில் மலை என்று ஒன்று இருந்தால் மேலே ஒரு சாமி இருக்கும். எட்டங்குல பூட்ஸின் லேஸை அவிழ்த்து, கழற்றி, சாமி கும்பிட்டு, மறுபடி மாட்டிக்கொண்டு கிளம்புவதற்குள் கூட வந்தவர்கள் அடிவாரத்தில் டீ குடித்து முடித்திருப்பார்கள்.

பூட்ஸ் கொடுத்த காசுக்கு வேலை செய்யும் இடங்கள் வேறு. சிறுமலை, அழகர்மலைச் சரிவுகளில் இருக்கும் முட்காடு, போடிக்கு மேலே குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஏறும் செங்குத்துப் பாதை, மழைக்காலத்தில் அட்டை கடிக்கும் மேகமலை, கும்பக்கரையிலிருந்து வெள்ளகவி வழியாகக் கொடைக்கானலுக்கு ஏறும் பழைய கல் பாதை. மலை மட்டும் அல்ல; பறவை பார்க்கிறவர்கள் சுற்றும் கண்மாய்க் கரை, அலங்காநல்லூர்ப் பக்கத்துக் கரும்புத் தோட்டம், சர்வே வேலை, கல்குவாரிப் பக்கம் போய்வரும் வேலை எல்லாம் இதில் சேர்த்தி.

குரங்கணி என்றதும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 2018 மார்ச் 11 அன்று அங்கே நடந்த காட்டுத்தீ விபத்துக்குப் பிறகு மலையேற்றத்துக்கான கட்டுப்பாடுகள் இறுகிவிட்டன. வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டுப் பாதையில் ஏறக் கூடாது. 2024 அக்டோபரில் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் ஆன்லைனிலேயே பதிவு செய்து, வழிகாட்டியோடு போகலாம். பூட்ஸ் வாங்கும் முன் பாதையை முடிவு செய்துவிடுங்கள். அப்புறம், ராணுவ மோகத்தை பூட்ஸோடு நிறுத்திக்கொள்வது நல்லது. புள்ளிச் சட்டை, புள்ளி பேன்ட் எல்லாம் சேர்த்துப் போட்டால் செக்போஸ்டில் கேள்வி வரும். ராணுவத்தார் என்று மற்றவர் நம்பும்படி சீருடை அணிவது சட்டப்படி குற்றம்.

கடையில் கிடைக்கும் வகைகள்

போலீஸ், என்.சி.சி. சாமான்கள் விற்கும் யூனிபார்ம் கடைகளில் ‘ஜங்கிள் ஷூ’ என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பது பச்சை கேன்வாஸும் ரப்பர் சோலும் உள்ள பூட்ஸ். விலை ஆயிரம் ரூபாயை ஒட்டி இருக்கும். லேசானது, காற்றோடும், நனைந்தாலும் சீக்கிரம் காயும். குறை என்னவென்றால் உள்ளே மெத்தை என்று ஒன்றும் கிடையாது. நாள் முழுக்கப் பாறையில் நடந்தால் குதிகால் கடுக்கும். பக்கவாட்டில் வருகிற முள் கேன்வாஸைத் துளைத்துக்கொண்டு உள்ளே வரும். இருந்தாலும் முதல்முறை வாங்குகிறவருக்கும் தோட்ட வேலைக்கும் நான் சொல்வது இதைத்தான், கூடவே ஒரு நல்ல இன்சோல் தனியாக வாங்கிப் போட்டுக்கொள்ளச் சொல்லி.

அடுத்தது கறுப்புத் தோல் டி.எம்.எஸ்., அதாவது ‘டைரக்ட் மோல்டட் சோல்’ பூட்ஸ். என்.சி.சி.யில் இருந்தவர்களுக்கு இதை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சோலைத் தனியாகச் செய்து ஒட்டாமல், அச்சில் வைத்து மேல்தோலோடு நேரடியாக வார்த்துவிடுவார்கள். அதனால் சோல் வாய் பிளப்பது குறைவு. தேய்ந்துபோனால் மாற்றுவதும் அதே அளவுக்குக் கஷ்டம். முள்ளுக்கு நல்ல மறைப்பு. ஆனால் பரேடு மைதானத்துக்கு ஏற்ற சரக்கு இது, மே மாதத்து மலைக்கு அல்ல. கனமும் ஜாஸ்தி. காலில் ஏறும் ஒரு கிலோ முதுகில் ஏறும் நாலைந்து கிலோவுக்குச் சமம் என்பது ராணுவங்கள் நடத்திய சோதனைகளிலிருந்து வந்த கணக்கு. இரண்டு பூட்ஸைக் கையில் தூக்கி ஒப்பிடும்போது நூறு கிராம் வித்தியாசம் ஒன்றுமே இல்லை போலத்தான் தெரியும்; பின்மதியத்துக்கு மேல் தெரியும் சேதி.

மூன்றாவது, மணல் நிறத்திலோ பழுப்பிலோ வருகிற பாலைவன பூட்ஸ். கீழ்ப்பகுதி சொரசொரப்பான தோல், மேலே கணுக்காலைச் சுற்றி நைலான் துணி. அமெரிக்க ராணுவ வகையில் இது ‘ஹாட் வெதர்’, ‘டெம்பரேட் வெதர்’ என்று இரண்டாக வரும். முதலாவது வெயில் தேசத்துக்கு. இரண்டாவதில் உள்ளே தண்ணீர் புகாத சவ்வு ஒன்று வைத்திருப்பார்கள். பெட்டியிலோ உட்புற லேபிளிலோ எழுதியிருக்கும், படித்துவிட்டு எடுங்கள். மதுரைக்கு ‘ஹாட் வெதர்’தான். காசு செலவழிக்கத் தயார் என்றால் மூன்று வகையில் இதற்கே என் ஓட்டு.

சவ்வு வைத்த பூட்ஸ் மேல் எனக்கு ஏன் இத்தனை கோபம் என்று கேட்கலாம். சவ்வு வியர்வை ஆவியைக் கொஞ்சம் வெளியே விடும் என்பது உண்மை. ஆனால் வெளியே 38 டிகிரி வெயிலும் பூட்ஸுக்குள் அதற்கு மேல் சூடும் இருக்கும்போது கால் சுரக்கிற வேகத்துக்கு அது ஈடுகொடுக்காது. ஓடையைக் கடக்கும்போது தண்ணீர் மேல்வாய் வழியாக ஒருமுறை உள்ளே போய்விட்டால், உள்ளே வராமல் தடுக்க வைத்த சவ்வே வெளியே போகாமலும் தடுக்கும். கழற்றிக் கவிழ்த்தால்தான் உண்டு. வியட்நாம் போரில் அமெரிக்கர்கள் போட்ட ஜங்கிள் பூட்ஸில் இதற்கு எளிய வழி கண்டிருந்தார்கள்: உள்ளங்கால் வளைவின் பக்கம் இரண்டு சின்ன வடிகால் ஓட்டைகள். தண்ணீர் வரும், நடக்க நடக்கப் பீய்ச்சிக்கொண்டு வெளியே போய்விடும். தரையில் நட்டு வைத்த மூங்கில் முளைகள் காலில் ஏறாமல் இருக்கப் பிறகு சோலுக்குள் எஃகுத் தகடும் வைத்தார்கள். நமக்கு மூங்கில் முளை இல்லை, சீமைக்கருவேலம் இருக்கிறது.

இரும்பு முனை வைத்த சேஃப்டி ஷூவும் பார்வைக்கு மிலிட்டரி பூட்ஸ் மாதிரியே இருக்கும்; ஐ.எஸ். 15298 என்ற எண் போட்டிருந்தால் அது தொழிற்சாலைச் சரக்கு. இறக்கத்தில் விரல்கள் அந்த இரும்புக் கிண்ணத்தில் போய் மோதும். நடைக்கு வேண்டாம்.

சோலைக் கவிழ்த்துப் பாருங்கள்

முதல் சோதனை முள். சீமைக்கருவேல முள் டி.வி.எஸ். ஃபிப்டி டயரையே பஞ்சராக்கும். பூட்ஸின் சோலில் கட்டைவிரல் நகத்தை அழுத்துங்கள். நகம் தடம் பதித்து, அந்தத் தடம் மெதுவாக மேலெழும்பினால் அது ஈ.வி.ஏ. நுரை. காலுக்குச் சொகுசு, முள்ளுக்கும் சொகுசு. நுரை நடுவில் இருக்கலாம், தரையில் படும் அடுக்கு கெட்டி ரப்பராக, பட்டன்களுக்கு (சோலின் அடியில் துருத்தி நிற்கும் கட்டைகளுக்கு) இடையே உள்ள பள்ளத்திலும் சில மில்லிமீட்டர் தடிமனாவது இருக்க வேண்டும். முள் பட்டனில் ஏறாது, பள்ளத்தில்தான் ஏறும். ஏறிய முள் பாதி ஒடிந்து உள்ளேயே தங்கிவிடும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு நடை கழித்து, அழுத்தம் அதை உள்ளே தள்ளத் தள்ள, இன்சோலைத் தாண்டி உள்ளங்காலில் சுருக்கென்று குத்தும். வீட்டுக்கு வந்ததும் சோலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, கருப்புப் புள்ளி தெரிந்தால் மூக்குக் குறடால் பிடுங்கிவிடுவது நல்ல பழக்கம்.

இரண்டாவது சோதனை பாறை. இங்கே ராணுவ பூட்ஸின் பெருமையே அதற்குக் குறையாகிவிடுகிறது. வருஷக்கணக்கில் தேயாமல் உழைக்க வேண்டும் என்று ரப்பரைக் கெட்டியாகவும் பட்டன்களை ஆழமாகவும் வைத்திருப்பார்கள். மண்ணில் அது கடித்துப் பிடிக்கும். யானைமலை மாதிரி மொட்டைப் பாறையில் பட்டன் முனைகள் மட்டுமே தொடும், கெட்டி ரப்பரும் ஒட்டாது. பாறை அதிகம் ஏறுகிறவர்கள் பட்டன் அகலமாக, முனை தட்டையாக, ரப்பர் கொஞ்சம் மிருதுவாக இருப்பதை எடுங்கள். கடை வாசலில் வழவழப்பான டைல்ஸோ கிரானைட் படியோ இருந்தால் அதில் காலை ஊன்றித் தள்ளிப் பார்த்தாலே வித்தியாசம் தெரிந்துவிடும். மழை பெய்து பாசி படிந்த பாறையில் எந்த சோலும் காப்பாற்றாது, சுற்றிப் போவதுதான் வழி.

மூன்றாவது கரிசல். திருமங்கலம், கல்லுப்பட்டி, பேரையூர்ப் பக்கம் மழைக்குப் பிறகு வயலில் இறங்கியவர்களுக்குத் தெரியும், பத்தடி நடப்பதற்குள் காலுக்குக் கீழே இன்னொரு சோல் முளைத்துவிடும். பட்டன்கள் நெருக்கமாக இருந்தால் மண் அடைத்துக்கொண்டு வழுக்கும். இடைவெளி விட்டு, சாய்வாக அமைந்த பட்டன்கள் மண்ணைத் தானே உதறும். பனாமா சோல் என்று ராணுவ பூட்ஸ்களில் சொல்வது இந்த வகைதான்.

சோலில் விப்ரம் என்ற மஞ்சள் எண்கோண முத்திரை இருந்தால் கடைக்காரர் அதைக் காட்டியே விலை சொல்வார். 1937-ல் விட்டாலே பிரமானி என்ற இத்தாலிய மலையேறி தொடங்கிய நிறுவனம் அது. சரக்கு நல்ல சரக்கு. ஆனால் மஞ்சள் முத்திரையை யார் வேண்டுமானாலும் அச்சடித்துவிடலாம் என்பதால், முத்திரையை நம்பாமல் நகத்தை நம்புங்கள்.

மேல்பாகத்தில் பார்க்க வேண்டியவை

தோல் என்று சொன்னால் எந்தத் தோல் என்று கேளுங்கள். ஆவாரம்பட்டை போட்டுத் தோல் பதனிட்ட பக்கம் இது. திண்டுக்கல்லில் தோல் தொழில் பார்த்த குடும்பத்தில் யாராவது தெரிந்தவர் இருந்தால் கூடவே அழைத்துப் போவது புத்திசாலித்தனம். இல்லையென்றால் கட்டைவிரலால் அழுத்துங்கள். மேல்தோல் முழுசாக உள்ளது என்றால் விரலைச் சுற்றி நுண்ணிய சுருக்கங்கள் விழுந்து, எடுத்ததும் மறையும். அறுத்தெடுத்த அடித்தோலின் மேல் பிளாஸ்டிக் பூச்சுப் பூசியது என்றால் ரப்பர் ஷீட் போல ஒரே குழியாக அமுங்கும். அது கணுக்கால் மடிப்பில் சில மாதத்தில் வெடித்து உரியும்.

பூட்ஸின் நாக்கை, அதாவது லேஸுக்கு அடியில் இருக்கும் பட்டையை, இழுத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் மடிப்பு வைத்து மேல்வரை உடம்போடு தைத்திருந்தால் மணலும் நெருஞ்சி முள்ளும் உள்ளே வராது. தனியாகத் தொங்கும் நாக்கு என்றால் ஒவ்வொரு மணி நேரமும் உட்கார்ந்து கழற்றிக் கொட்ட வேண்டியதுதான். கால்விரல் மடங்கும் இடத்துக்குப் பக்கத்தில் இரட்டைத் தையலாவது ஓட வேண்டும். இரண்டு பூட்ஸையும் சமதளமான மேசையில் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள்; ஒன்று சாய்ந்து நின்றால் அந்த ஜோடி வேண்டாம். கையால் வளைத்தால் விரல் மடங்கும் இடத்தில் வளைய வேண்டும். நடு உள்ளங்காலில் வளைந்தால் கல் பாதையில் பாதம் களைத்துப்போகும்.

பக்கத்தில் ஜிப் வைத்தது வாங்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். உழைப்பைப் பார்த்தால் வேண்டாம் என்றுதான் சொல்ல வேண்டும். செம்மண் புழுதி பல்லில் ஏறினால் ஜிப் முதலில் மக்கர் பண்ணும், மலையில் அறுந்தால் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் மேலே சொன்ன சாமி பிரச்சினைக்கு ஜிப்தான் பதில். கோயில் மலைகளுக்கே அதிகம் போகிறவர், முன்னால் லேஸும் பக்கத்தில் ஜிப்பும் சேர்ந்து உள்ளதாக எடுக்கட்டும். ஜிப் போனாலும் லேஸ் நிற்கும்.

உயரம் ஆறு அங்குலம் போதுமா, எட்டு வேண்டுமா? முட்காட்டுக்கும் கரும்புத் தோட்டத்துக்கும் எட்டு. வெறும் பாதை நடைக்கு ஆறு. பாம்புக்காக என்று சொல்லிப் பத்தங்குலம் வாங்குகிறவர்களும் உண்டு. கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் பெரும்பாலும் பாதத்திலும் கணுக்காலை ஒட்டியும்தான் கடிக்கும் என்பதால் தடித்த தோல் ஓரளவு உதவும், கேன்வாஸ் உதவாது. எந்த பூட்ஸும் அதற்குக் கவசம் கிடையாது. கால் வைக்கும் இடத்தைப் பார்த்து வைப்பதும், இருட்டில் டார்ச் இல்லாமல் நடக்காததும்தான் காப்பு.

அளவு: இதில் அவசரம் வேண்டாம்

பெரியார் பஸ் ஸ்டாண்டைச் சுற்றியுள்ள தெருக்களில் ஷூ கடைகளுக்குப் பஞ்சமில்லை. போவது சாயங்காலமாக இருக்கட்டும். பகலெல்லாம் நின்று நடந்த கால் சாயங்காலம் கொஞ்சம் வீங்கியிருக்கும். மலையில் உங்கள் கால் அந்த அளவில்தான் இருக்கப்போகிறது. எந்த சாக்ஸ் போட்டு நடப்பீர்களோ அதையே கையோடு கொண்டுபோங்கள். கடையில் கொடுக்கிற மெல்லிசு நைலான் சாக்ஸில் போட்டுப் பார்த்து வாங்கிய பூட்ஸ் வீட்டில் இறுக்கும்.

கிளம்பும் முன் வீட்டில் ஒரு தாளின் மேல் நின்று, இரண்டு பாதத்தையும் பென்சிலால் வரைந்து, குதிகாலிலிருந்து நீளமான விரல்வரை அளந்துகொள்ளுங்கள். இரண்டு காலும் ஒரே அளவாக இருப்பது அபூர்வம், பெரிய காலுக்கே எடுக்க வேண்டும். இந்திய நம்பரும் பிரிட்டிஷ் நம்பரும் ஒன்று. இந்திய 8 என்பது அமெரிக்க 9-க்கும் ஐரோப்பிய 42-க்கும் ஏறக்குறையச் சமம். ஒரு நம்பருக்கும் அடுத்த நம்பருக்கும் வித்தியாசம் மூன்றில் ஒரு அங்குலம், அதாவது ஏறக்குறைய எட்டரை மில்லிமீட்டர். யூனிபார்ம் பூட்ஸ்களில் அரை நம்பர் பெரும்பாலும் கிடைக்காது. உங்கள் கால் ஏழரை என்றால் எட்டை எடுத்து இன்சோலால் சரிக்கட்டுங்கள், ஏழில் காலைத் திணிக்காதீர்கள். வெளிநாட்டு ராணுவ பூட்ஸில் 270/108 மாதிரி இரண்டு எண்கள் இருந்தால் பயப்பட வேண்டாம். பாதத்தின் நீளமும் அகலமும் மில்லிமீட்டரில், அவ்வளவுதான். தாளில் வரைந்ததோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். ஆர் என்றால் சாதாரண அகலம், டபிள்யூ என்றால் அகலப் பாதத்துக்கு.

அகலத்தைப் பற்றிக் கடைக்காரர்கள் பேசுவதே இல்லை. செருப்பிலும் வெறுங்காலிலும் வளர்ந்த கால் விரல் பக்கம் விரிந்துதான் இருக்கும். கூர் முனை பூட்ஸ் அதைப் பிடித்து நெரிக்கும். “போடப் போட லூஸாயிரும்ணே” என்று கடையில் சொல்வார்கள். பாதி உண்மை. தோல் பூட்ஸ் பழகப் பழக அகலத்தில் கொஞ்சம் இளகும், நீளத்தில் இளகவே இளகாது. விரல் முனை இடித்தால் அந்த பூட்ஸ் என்றைக்கும் இடிக்கத்தான் செய்யும்.

லேஸ் கட்டாமல் காலை முன்னால் தள்ளி நின்று, குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைகிறதா பாருங்கள். நுழைந்தால் நீளம் சரி. பிறகு லேஸைக் கட்டி, குதிகாலைப் பின்னால் தட்டி உட்காரவைத்து நடங்கள். புதுத் தோலில் குதிகால் லேசாக எழும்பலாம். அரை சென்டிமீட்டருக்கு மேல் எழும்பினால் கொப்புளம் நிச்சயம். கடையில் மாடிப்படி இருந்தால் அதுதான் உங்கள் மலை. நாலைந்து முறை வேகமாக இறங்கி, ஒவ்வொரு படியிலும் காலைத் தட்டி நிறுத்துங்கள். விரல் முன்னால் மோதினால் குரங்கணி இறக்கத்தில் நகம் கறுக்கும். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பத்து நிமிஷமாவது கழற்றாமல் போட்டுக்கொண்டு அங்கேயே சுற்றுங்கள்.

பைக்கில் மலையடிவாரம் வரை போகிறவர்கள் இன்னொன்றும் பார்த்துவிட வேண்டும். கடை வாசலில் நிற்கும் உங்கள் வண்டியில் பூட்ஸோடு உட்கார்ந்து கியர் போட்டுப் பாருங்கள். முனை தடித்த பூட்ஸ் சில வண்டிகளில் கியர் லீவருக்குக் கீழே நுழையாது.

பழைய ராணுவ மால்

“ஒரிஜினல் மிலிட்டரி மால்” என்று விற்பதில் நிஜமான உபரிச் சரக்கும் இருக்கும், அதைப் போலவே செய்ததும் இருக்கும். நிஜமே ஆனாலும் ஒரு ஆபத்து உண்டு. பி.யூ. சோல், அதாவது பாலியூரித்தேன் சோல், போடாமல் சும்மா வைத்திருந்தாலும் காற்றில் உள்ள ஈரத்தாலும் சூட்டாலும் உள்ளுக்குள்ளேயே சிதையும். பெட்டி பிரிக்காத புது பூட்ஸ், தோல் பளபளவென்று இருக்கும். போட்டு முதல் நடையில் சோல் ரொட்டித் தூள் போல உதிரும். இது தயாரிப்புக் குறை அல்ல, அந்த வேதிப்பொருளின் சுபாவம். அதனால் பி.யூ. சோல் என்றால் தயாரித்த மாதமும் வருடமும் பார்த்து வாங்குங்கள், நாலைந்து வருடத்துக்கு மேல் பழையது என்றால் வைத்துவிடுங்கள். சோலின் பக்கவாட்டை நகத்தால் கீறினால் பிசுபிசுப்பாகவோ பொடியாகவோ வந்தால் பேரமே பேச வேண்டாம். முழு ரப்பர் சோலுக்கு இந்த வியாதி இல்லை; ரொம்பப் பழையதாக இருந்தால் இறுகி வெடிப்பு விடும், அது கண்ணுக்கே தெரிந்துவிடும்.

அடுத்தவர் போட்டுப் பழகிய பூட்ஸை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், நான் வாங்கச் சொல்ல மாட்டேன். இன்சோலையும் குதிகாலையும் அவருடைய கால் அமுக்கி வைத்திருக்கும்.

ஒட்டு சோல் வாங்கியிருந்தால், முதல் நடைக்கு முன்பே ஷூ தைக்கிறவரிடம் கொடுத்து ஓரம் சுற்றித் தைத்து வாங்கிவிடுங்கள். வேலை தெரிந்தவர் முதலில் சோலின் ஓரத்தில் கத்தியால் ஒரு மெல்லிய பள்ளம் கீறுவார். பிறகு குத்தூசியை இறக்கி நைலான் நூலைப் பிடித்து இழுக்க, தையல் அந்தப் பள்ளத்துக்குள் அமுங்கிவிடும். அப்படி அமுங்கினால்தான் நூல் பாறையில் உரசி அறாது. பள்ளம் கீறாமல் மேலாகத் தைக்க ஆரம்பித்தால், “அண்ணே, கீறிட்டுத் தைங்க” என்று சொல்லலாம், தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

காலுக்குப் பழக்குவது

புது பூட்ஸோடு நேராக மலைக்குப் போவதைப் போல வேறு தப்பு இல்லை. முதல் வாரம் வீட்டுக்குள், தினமும் ஒரு மணி நேரம். அடுத்து கடைத்தெருவுக்கு, வாக்கிங்குக்கு. அப்புறம் நாகமலைப் பக்கமோ பசுமலைப் பக்கமோ அரை நாள், முதுகில் கொஞ்சம் பாரத்தோடு. கேன்வாஸுக்கு இத்தனை நாள் வேண்டாம், கெட்டித் தோலுக்கு வேண்டும். தண்ணீரில் ஊறவைத்துப் போட்டுக்கொண்டே காயவிடும் பழைய ராணுவ வைத்தியம் நம் வெயிலில் தோலை விறைக்க வைத்துவிடும், அதை விட்டுவிடலாம். எங்காவது சூடாக உரசுவது போலத் தோன்றினால் அங்கேயே நின்று மெடிக்கல் டேப் ஒட்டிவிட வேண்டும். கொப்புளம் வந்த பிறகு ஒட்டிப் பிரயோஜனம் இல்லை.

சாக்ஸ் வெறும் பருத்தி வேண்டாம். வியர்வையைக் குடித்து வைத்துக்கொண்டு தோலை ஊறவைக்கும். நைலானோ கம்பளி நூலோ கலந்தது, பூட்ஸின் உயரத்துக்கு மேலே வருவது நல்லது. மதியம் சாப்பிட உட்காரும்போது சாக்ஸை மாற்றி, ஈரமானதைப் பைக்கு வெளியே தொங்கவிடுங்கள். மேகமலையில் பேன்ட்டை சாக்ஸுக்குள் சொருகி, பூட்ஸின் மேல் ஓரத்தில் உப்போ புகையிலைத் தூளோ தடவிக்கொண்டால் அட்டை ஏறுவது குறையும்.

லேஸை மேலிருந்து கீழ்வரை ஒரே இறுக்கமாகக் கட்ட வேண்டியதில்லை. பாதத்தின் மேல் தளர்வாக விட்டு, கணுக்கால் மடிப்பில் இரண்டு நூலையும் ஒன்றோடொன்று இரண்டு சுற்று முறுக்குங்கள். அந்த இடம் பூட்டுப் போட்ட மாதிரி நின்றுகொள்ளும். ஏறும்போது அதற்கு மேலே தளர்த்தியும் இறங்கும்போது இறுக்கியும் கட்டலாம். இறக்கத்தில் விரலைக் காப்பாற்றுவது இந்த முறுக்குத்தான்.

காலையில் போடும் முன் பூட்ஸைக் கவிழ்த்துத் தரையில் தட்டுங்கள். தேளுக்கும் பூரானுக்கும் இருட்டான பூட்ஸ் ரொம்பப் பிடிக்கும்.

பராமரிப்பு

நடந்து வந்த அன்றே மண்ணைத் தட்டி, பிரஷால் துடையுங்கள். இன்சோலை வெளியே எடுத்துவிட்டு, உள்ளே தினத்தாளைக் கசக்கித் திணித்து, நிழலில் காற்றோட்டமாக வையுங்கள். மொட்டை மாடி வெயிலில் காயவைத்தால் தோல் விறைத்து வெடிக்கும், சோலை ஒட்டிய பசையும் இளகும். வழவழப்பான தோலுக்கு மாதம் ஒருமுறை மெழுகு பாலிஷ் போதும். சொரசொரப்பான பாலைவனத் தோலுக்கு பாலிஷ் போடவே கூடாது. உலர்ந்த பிரஷ் மட்டும். எண்ணெய் கண்டதையும் தடவாதீர்கள், தோல் தொளதொளத்துக் கணுக்காலில் பிடிமானம் போய்விடும்.

அடுத்த நடை எப்போது என்று தெரியாவிட்டால் பாலித்தீன் பையில் சுற்றிப் பரண் மேல் போடாமல், கட்டிலுக்கடியில் காற்றுப் படும்படி வையுங்கள். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு எடுத்துப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் நடந்து, சோலை வளைத்து, ஓரத்தில் விரிசல் இருக்கிறதா பாருங்கள். பையில் ஒரு ஜோடி லேஸும், கொஞ்சம் அகலமான துணி டேப்பும் கிடக்கட்டும். பாதி வழியில் சோல் வாயைப் பிளந்தால், முனையிலும் நடுவிலும் டேப்பை நாலு சுற்றுச் சுற்றி, மேலே லேஸால் இறுக்கிக் கட்டினால் அடிவாரம் வரை வந்து சேர்ந்துவிடலாம்.